மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் தாம்பத்திய உறவில் வலி: காரணமும், சரிசெய்யும் வரிசையும்

ஆபரேஷன், கீமோ, கதிர்ச்சிகிச்சை எல்லாம் முடிந்து, முடி திரும்ப முளைத்து, வேலைக்கும் போக ஆரம்பித்த பிறகுதான் பல பெண்களுக்கு இந்தப் பிரச்சினை தெரிகிறது. கணவரோடு சேரும்போது எரிகிறது. பிளேடால் கீறியதுபோல் இருக்கிறது. மறுநாள் சிறுநீர் கழிக்கும்போதும் காந்துகிறது. மார்பில் வந்த நோய்க்கும் இந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புரிவதில்லை. ‘வயசாகுது, இனி இப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள், அல்லது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். டாக்டர் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை.

பொறுத்துக்கொள்வதுதான் இதில் மிகத் தவறான மருந்து. ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம். இந்த வலிக்குத் தெளிவான காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வழியும் உண்டு. ஆனால் அவற்றை ஒரு வரிசையில் செய்ய வேண்டும். முதலில் தோல், அடுத்து தசை, அதற்குப் பிறகே உறவு. வரிசை மாறினால் எந்த ஜெல்லும் பயன் தராது.

பெயர் சொல்லாமல் ‘அந்த இடம்’ என்றே எழுதினால் எந்த இடத்தில் எதைத் தடவுவது என்று விளங்காது. அதனால் மூன்று பெயர்களை வைத்துக்கொள்வோம். வெளியே தெரியும் மடிப்புகள் இதழ்கள். அவற்றை விலக்கினால் தெரியும் சிவந்த வளையம் வாசல். அதற்கு உள்ளே போகும் குழாய் யோனி.

ஏன் வறண்டு போகிறது

யோனியின் உள்தோல் ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோனை நம்பி வாழ்வது. அது இருக்கும்வரை உள்தோல் பல அடுக்காகத் தடித்து, மடிப்பு மடிப்பாக, நன்றாக விரிந்து கொடுக்கும். ரத்த ஓட்டம் தாராளமாக இருப்பதால் ஆசை வரும்போது ஈரம் தானாகச் சுரக்கும். நல்ல பாக்டீரியாக்கள் அங்கே தங்கி, அமிலத்தன்மையை பிஎச் 3.5 முதல் 4.5 வரை வைத்திருந்து கிருமிகளைத் தடுக்கும்.

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இதே ஈஸ்ட்ரோஜெனைத் தின்று வளர்பவை. ஆகவே சிகிச்சையே அந்த ஹார்மோனை மூடுகிறது. கீமோ சினைப்பையை முடக்கலாம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலில் போடும் ஸோலடெக்ஸ் ஊசி சினைப்பையைத் தூங்க வைக்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் மாத்திரைகள் உடலில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச ஈஸ்ட்ரோஜென் உற்பத்தியையும் நிறுத்துகின்றன. கடும் வறட்சி அதிகமாக வருவது இந்த மூன்றில்தான். டமொக்சிஃபென் சற்று வேறுவிதம். சிலருக்கு வறட்சி வரும், சிலருக்கு வெள்ளை வெள்ளையாக நீர் படும். இந்த மாத்திரைகளை 5 வருடம், சிலர் 10 வருடம் வரை சாப்பிட வேண்டியிருக்கிறது. மாத்திரை முடியட்டும், தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பது அதனால் சரிப்படாது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம். இந்த வலிக்குப் பயந்து மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பாமல் காப்பது அந்த மாத்திரை. தாங்க முடியவில்லை என்று புற்றுநோய் டாக்டரிடம் சொன்னால், ஒரே வகையில் வேறு மாத்திரைக்கோ டமொக்சிஃபெனுக்கோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். அதற்கு வாய்ப்பு உண்டு.

ஈஸ்ட்ரோஜென் போனதும் உள்தோல் காகிதம்போல் மெலிகிறது, மடிப்புகள் தட்டையாகின்றன, பிஎச் 5-க்கு மேல் ஏறுகிறது. சிறுநீர்ப்பை வாயும் இதே ஹார்மோனை நம்பியிருப்பதால் அவசரம், எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று எல்லாம் கூடவே வரும். இவை அனைத்துக்கும் சேர்த்து 2014-இல் மருத்துவ உலகம் ‘ஜிஎஸ்எம்’ (GSM) என்று ஒரே பெயர் வைத்தது. அதன் பொருள், மாதவிடாய் நின்ற பின் பிறப்புறுப்பிலும் சிறுநீர்ப் பாதையிலும் வரும் தொகுப்பு நோய். வெந்நீர் அலைபோல் உடம்பு சூடாவது காலப்போக்கில் குறையும். இந்த வறட்சி குறையாது, கவனிக்காவிட்டால் கூடும்.

நம் வீடுகளில் இதை ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி இளநீரும் வெந்தயத் தண்ணீரும் கொடுப்பார்கள். குடிப்பதில் தவறில்லை. ஆனால் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அது இந்த உள்தோலைத் தடிக்க வைக்காது.

எங்கே வலிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

குளித்த பிறகு, கதவைத் தாழிட்டு, ஒரு கைக்கண்ணாடியோடு உட்காருங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். முதலில் இதழ்கள், பிறகு வாசல் வளையம். வளையத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், பலருக்கு 4 மணியிலிருந்து 8 மணிவரை, அதாவது ஆசனவாய்ப் பக்கமுள்ள கீழ்ப்பாதி, தொட்டாலே சுரீர் என்று இருக்கும். அப்படியானால் உங்கள் வலியின் மையம் வாசல்தான், யோனி முழுவதும் அல்ல. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் இது மிகவும் சகஜம்.

நுழையும்போதே கீறுவது வாசல் வலி. நுழையவே முடியாமல் சுவரில் முட்டியதுபோல் இருந்தால் தசை இறுக்கம். நுழைந்த பிறகு ஆழத்தில், அடிவயிற்றில் இடித்ததுபோல் இருந்தால் அது வேறு கதை. யோனி நீளம் குறைந்திருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், கருப்பையிலோ சினைப்பையிலோ ஏதாவது இருக்கலாம். ஆழத்து வலிக்குப் பெண்நோய் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டும் கலந்திருக்கும்.

பொறுத்துக்கொள்வது ஏன் கெடுதல் என்பதற்குப் பதில் இந்த இரண்டாவது வகையில் இருக்கிறது. இடுப்பின் அடியில் தொட்டில்போல் ஒரு தசைப் படலம் யோனியைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. கண்ணில் தூசி வந்தால் இமை மூடிக்கொள்வதுபோல, ஒருமுறை வலித்தால் அடுத்த முறை இந்தத் தசை தானாக மூடிக்கொள்ளும். நீங்கள் விரும்பினாலும் மூடும். மூடிய வழியில் தள்ளினால் மெலிந்த தோல் கிழியும், இன்னும் வலிக்கும், தசை இன்னும் சீக்கிரம் மூடக் கற்றுக்கொள்ளும். சில மாதத்தில், கணவர் தோளில் கை வைத்தாலே இடுப்பு இறுகும் நிலை வந்துவிடும். ஆகவே முதல் மருந்து: சுமார் 6 வாரத்துக்கு உள்ளே நுழையும் உறவை நிறுத்துங்கள். நெருக்கத்தை அல்ல, நுழைவதை மட்டும்.

முதல் வேலை: ஈரப்பதம்

மாய்ஸ்சரைசர் வேறு, லூப்ரிகன்ட் வேறு. இதைக் குழப்பிக்கொண்டு ‘ஜெல் போட்டும் பலனில்லை’ என்பவர்களே அதிகம். மாய்ஸ்சரைசர் முகத்துக்குப் போடும் க்ரீம் மாதிரி. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் முழுவதும் போட வேண்டியது. லூப்ரிகன்ட் உறவு நேரத்தில் மட்டும் வழுக்கலுக்குப் போடுவது.

யோனிக்கென்றே செய்த மாய்ஸ்சரைசரை பார்மசியில் கேளுங்கள். ஹையலுரோனிக் அமிலம் உள்ளவையும் பாலிகார்போஃபில் உள்ளவையும் ஹார்மோன் இல்லாதவை. பெட்டியில் வாரம் 2 முறை என்று போட்டிருக்கும். அது சாதாரணமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கான கணக்கு. லெட்ரோசோல் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வாரம் 3 முதல் 5 முறை தேவைப்படும்.

படுக்கப் போகும்போது போடுங்கள். நடந்தால் வழிந்துவிடும். படுத்து, முழங்கால் மடக்கி, குழலை முதுகெலும்பின் அடி நோக்கிச் சாய்த்து மெதுவாக உள்ளே விட்டு அழுத்துங்கள். குழலே வலித்தால் அதன் நுனியில் கொஞ்சம் ஜெல் தடவிக்கொள்ளலாம், அல்லது நகம் வெட்டிய சுத்தமான விரலால் போடலாம். பலர் செய்யாமல் விடுவது அடுத்த படி: பட்டாணி அளவு எடுத்து வாசல் வளையம் முழுக்க, இன்னொரு பட்டாணி அளவு இதழ்களின் உள்பக்கம். உள்ளே மட்டும் போட்டு வாசலை விட்டால், வலிக்கும் இடத்துக்கு மருந்தே போகவில்லை என்று அர்த்தம். முதல் சில நாள் லேசாகக் காந்தலாம். ஒரு வாரம் ஆகியும் எரிந்தால் அந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றுங்கள். நல்ல மாற்றம் தெரிய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். இரண்டு வாரத்தில் கைவிடாதீர்கள்.

இதோடு, கெடுப்பதை நிறுத்த வேண்டும். சோப்பு, டெட்டால், வாசனை வாஷ், தினசரி பேட் லைனர் எல்லாம் எரிச்சலைக் கூட்டும். வெறும் தண்ணீர் போதும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மலாய்த் தோழிகளோ சொந்தக்காரப் பெண்களோ அன்போடு பரிந்துரைக்கும் இரண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று வெற்றிலை கலந்த ‘சீரே’ வாஷ். இன்னொன்று மஞ்சகானி. மஞ்சகானி என்பது நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மாசிக்காயேதான். அதன் துவர்ப்புத் தோலைச் சுருக்கி உலர்த்தும். ‘இறுக்கமாக்கும்’ என்று விற்பதும் அதனால்தான். ஏற்கெனவே வறண்டு இறுகிய இடத்துக்கு அது நேர் எதிரான பொருள். தொடவே வேண்டாம். காசிப் ஃபாத்திமா போன்ற ‘பெண்களுக்கான’ மூலிகைப் பானங்கள் ஈஸ்ட்ரோஜென் போல வேலை செய்யக்கூடும் என்ற கேள்வி இருப்பதால், புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள்.

லூப்ரிகன்ட் வாங்கும்போது

தண்ணீர் அடிப்படையிலானது, சிலிகான் அடிப்படையிலானது, எண்ணெய் என மூன்று வகை. தண்ணீர் வகை கழுவ எளிது, ஆனால் பாதியில் உலரும். கிளிசரின் அதிகமாகச் சேர்த்தவையும் உண்டு. மாங்காயில் உப்புப் போட்டால் நீர் விடுகிறதல்லவா, அதேபோல அடர்த்தியான ஜெல் மெலிந்த தோலில் இருந்து நீரை வெளியே இழுக்கும். இந்த அடர்த்தியை ஆஸ்மோலாலிட்டி என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 380-க்குக் கீழே இருந்தால் நல்லது, 1200-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. பெட்டியில் எண் இல்லையென்றால், உட்பொருள் பட்டியலில் கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ முதல் இரண்டு மூன்று இடத்தில் இருப்பதைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சூடேற்றும் ஜெல், பழவாசனை ஜெல், புதினாக் குளிர்ச்சி ஜெல் எதுவும் வேண்டாம்.

வறட்சி கடுமையானவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது சிலிகான் வகை. தோலுக்குள் ஊறாது, உலராது, ஆணுறையையும் கெடுக்காது. கறை படியும் என்பதால் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். குளியலறைத் தரையில் சிந்தினால் வழுக்கும், கவனம். சிலிகானால் செய்த விரிப்பான் (வாசலைப் படிப்படியாகத் தளர்த்தும் கருவி, கீழே வரும்) வைத்திருந்தால் அதோடு மட்டும் இதைச் சேர்க்கக்கூடாது, மேற்பரப்பு கெட்டுவிடும்.

தேங்காய் எண்ணெய் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சிலருக்கு இதமாக இருக்கிறது. ஆனால் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழிக்கும். அடிக்கடி வெள்ளைப்படுதல், அரிப்பு வருபவர்களுக்கும் ஏற்றதல்ல. வாஸ்லின் உள்ளே வேண்டாம்.

அளவு முக்கியம். ஒரு சொட்டு இரண்டு சொட்டு அல்ல, ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. பாதி வாசலிலும் உள்ளேயும், பாதி கணவருக்கு. பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நடுவில் ஒருமுறை மீண்டும் போட வேண்டிவரும்.

வாசலை மரத்துப்போகச் செய்தல்

வாசல் வலிக்கு ஒரு எளிய முறை இருக்கிறது, டாக்டர்களே பலர் சொல்வதில்லை. அமெரிக்காவின் ஓரிகனில் மார்பகப் புற்றுநோய் கண்ட, மாதவிடாய் நின்ற 46 பெண்களை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெய்னின் 4 சதவீதத் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, உறவுக்கு முன் 3 நிமிடம் வாசலில் வைத்தார்கள். உப்புநீர் வைத்தவர்களைவிட இவர்களுக்கு வலி வெகுவாகக் குறைந்தது. பிறகு எல்லோரும் லிக்னோகெய்ன் பயன்படுத்தியபோது பெரும்பாலானவர்களால் வலியின்றிச் சேர முடிந்தது. கணவர்மார் மரத்துப்போனதாகச் சொல்லவில்லை.

இதை டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ கேட்டு வாங்குங்கள். மரத்துப்போகும் மருந்துக்கு அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆகாது. பஞ்சை வாசல் வளையத்தில், முக்கியமாகக் கீழ்ப்பாதியில் 3 நிமிடம் வைத்து எடுங்கள். முதல் நிமிடம் சுரீர் என்று இருந்து அடங்கும். மிச்சத்தைத் துடைத்துவிட்டு லூப்ரிகன்ட் போடுங்கள். ஆண்களுக்கென்று விற்கும் ‘தாமதப்படுத்தும்’ ஸ்பிரேயை இதற்குப் பதிலாகப் பயன்படுத்தாதீர்கள். இது வாசல் தோலுக்கான உதவி மட்டுமே. தசை இறுகியிருந்தால் இதைப் போட்டுக்கொண்டு தள்ளக்கூடாது.

தசையைத் தளர்த்துவது

‘கெகல் செய்யுங்கள்’ என்று இணையத்தில் எங்கும் இருக்கும். இறுகிப்போன தசைக்கு இறுக்கும் பயிற்சி முதல் மருந்து அல்ல. முதலில் விடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இரு பக்கமும் தலையணை வைத்துக் கால்களைச் சாய விடுங்கள். ஒரு கை வயிற்றில். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், வயிறு உயரட்டும். சிறுநீர் வரத் தொடங்கும் அந்தக் கணத்தில் அடிப்பகுதி எப்படி விடுபடுமோ, அதேபோல மூச்சு உள்ளே போகும்போது விடுபடுகிறதா என்று கவனியுங்கள். முக்கக்கூடாது. ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். 5 நிமிடம், நாளைக்கு இரண்டு முறை. தாடையைக் கடித்திருந்தால் இடுப்பும் கடித்திருக்கும். வாயைத் தளர விடுங்கள். மாய்ஸ்சரைசர் ஆரம்பித்த நாளிலேயே இதையும் ஆரம்பிக்கலாம்.

ஐந்தாறு வாரத்தில் பஞ்சுக் குச்சி தொட்டால் சுரீர் என்பது குறைந்திருந்தால் விரிப்பானுக்குப் போகலாம். இதை டைலேட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். சுண்டுவிரல் தடிமனில் தொடங்கி நான்கைந்து அளவுகளாக வரும். மிகச் சிறியதில் தண்ணீர் வகை ஜெல்லை நன்றாகத் தடவி, மேலே சொன்ன மூச்சோடு, மூச்சு உள்ளே போகும் நேரத்தில், முதுகெலும்பின் அடி நோக்கிச் சாய்த்து மெதுவாக விடுங்கள். நேராகத் தள்ளினால் சிறுநீர்ப்பைப் பக்கம் இடிக்கும். பலர் வலி என்று நிறுத்திவிடுவது இந்தக் கோணப் பிழையால்தான். தடுக்கிற இடத்தில் நின்று மூன்று மூச்சு விடுங்கள். தளர்ந்தால் முன்னேறுங்கள், தளராவிட்டால் அங்கேயே வைத்திருங்கள். 5 முதல் 10 நிமிடம், வாரம் 3 அல்லது 4 முறை. பத்துக்கு எத்தனை வலி என்று உங்களையே கேளுங்கள். 3-க்கு மேல் போனால் ஒரு அளவு பின்வாங்குங்கள். தொடர்ந்து மூன்று முறை சிரமமில்லாமல் போனபிறகே அடுத்த அளவு. மிதமான சோப்பால் கழுவி உலர வைத்து எடுத்து வையுங்கள். துடைக்கும்போது லேசான இளஞ்சிவப்பு தெரியலாம். ரத்தம் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

இதைத் தனியாகச் செய்ய முடியாதவர்களுக்கு இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவில் கேளுங்கள்.

இவை போதாவிட்டால்

மூன்று மாதம் முறையாகச் செய்தும் தீரவில்லை என்றால், யோனிக்குள் மட்டும் வைக்கும் மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜென் பற்றிப் பேசலாம். 10 மைக்ரோகிராம் மாத்திரை ஒரு உதாரணம். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. டென்மார்க்கில் 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், இதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பொதுவில் நோய் திரும்புவது கூடவில்லை. ஆனால் லெட்ரோசோல் வகை மாத்திரையோடு சேர்த்துப் பயன்படுத்திய பிரிவில் திரும்புவது கூடியிருந்தது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 49,000 பெண்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில் மார்பகப் புற்றுநோய் மரணம் கூடவில்லை. ஆகவே ‘ஹார்மோன் என்றாலே கூடாது’ என்பதும் சரியல்ல, பக்கத்து வீட்டு அக்காவின் க்ரீமை வாங்கிப் போடுவதும் சரியல்ல. எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் புற்றுநோய் டாக்டரும் பெண்நோய் டாக்டரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

தனியார் கிளினிக்குகளில் லேசர் சிகிச்சைக்கு விளம்பரம் பார்த்திருப்பீர்கள். 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த விளம்பரங்களை எச்சரித்தது. சிட்னியில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், லேசர் செய்துகொண்டவர்களுக்கும், லேசர் இல்லாமல் செய்வதுபோல் பாவனை மட்டும் காட்டப்பட்டவர்களுக்கும் ஒரு வருடம் கழித்து வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தை மாய்ஸ்சரைசருக்குச் செலவிடுங்கள்.

மனச்சோர்வுக்கோ உடல் சூட்டலைக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள். சில மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும். பரோக்ஸெட்டின், ஃபுளுஒக்ஸெட்டின் இரண்டும் டமொக்சிஃபெனின் வேலையையே தடுக்கக்கூடியவை. அவற்றுக்கு மாற்று உண்டு.

மார்பு, தோள், படுக்கும் விதம்

வலி கீழே மட்டும் அல்ல. அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கம் தோள் இறுகியிருக்கும், கையில் எடை தாங்க முடியாது. கணவரின் பாரம் தழும்பில் பட்டாலே உடம்பு முழுக்க விறைத்து, இடுப்புத் தசையும் மூடிவிடும். பக்கவாட்டில், ஆபரேஷன் ஆன பக்கம் மேலே இருக்கும்படி படுத்து, அந்தக் கைக்கு அடியில் ஒரு தலையணையைக் கட்டிக்கொள்வது பலருக்கு ஏற்றது. நீங்கள் மேலே இருப்பதும் நல்லது, வேகமும் ஆழமும் உங்கள் கையில் இருக்கும். ஆனால் கையை ஊன்றாமல் சுவரிலோ தலையணைக் குவியலிலோ சாய்ந்துகொள்ளுங்கள். லெட்ரோசோல் வகை மாத்திரையால் மூட்டு வலிப்பவர்களுக்குக் காலை நேரம் வேண்டாம். வெந்நீரில் குளித்த பிறகான மாலை நேரம் நல்லது.

தழும்பு தொட்டால் கூசுகிறதா? காயம் முழுக்க ஆறிய பிறகு, பட்டுத் துணியால் தினமும் சில நிமிடம் வருடுங்கள், பழகியதும் பருத்திச் சேலை, பிறகு குளிக்கும் துண்டு. நரம்பு மெல்லமெல்லப் பழகும். மார்பைத் தொடவே வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் சொல்லலாம். மெல்லிய பனியன் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

கணவரிடம் சொல்வது

பல கணவர்கள் ஒதுங்குவது வெறுப்பால் அல்ல, வலிக்க வைத்துவிடுவோமோ என்ற பயத்தால். மனைவி அதை ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார். சிலருக்கு வெளியே கேட்க வெட்கமான சந்தேகங்களும் இருக்கும். புற்றுநோய் தொற்றாது. உறவால் நோய் திரும்பாது. வெளியிலிருந்து கொடுத்த கதிர்ச்சிகிச்சை உடம்பில் தங்காது. கீமோ நடக்கும் காலத்தில் மட்டும், மருந்து உடல்நீரில் கலப்பதால், ஒவ்வொரு முறைக்குப் பிறகும் ஒரு வாரம் வரை ஆணுறை போடுவது நல்லது. ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கையில் பேசாதீர்கள். அங்கே எந்தச் சொல்லும் மறுப்பாகவே கேட்கும். பக்கத்து அறையில் மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும் ஃபிளாட்டில் பேச இடமும் கிடைக்காது. கெர்னி டிரைவில் காற்று வாங்க நடக்கும்போதோ, மருத்துவமனையிலிருந்து காரில் திரும்பும்போதோ சொல்லலாம். முகம் பார்க்காமல் பேச முடிவது இதற்கு உதவி. சொற்கள் கிடைக்காவிட்டால் இப்படி: “என்னங்க, எனக்கு உங்க மேல ஆசை இல்லாம இல்ல. மருந்தால உள்ளே காஞ்சு போயிருக்கு, அதான் எரியுது. ஒரு ஆறு வாரம் மருந்து போடணும். அதுவரைக்கும் உள்ளே வேணாம். மத்தபடி எப்பவும்போல பக்கத்துல இருங்க.” கால அளவு சொல்வது முக்கியம். எல்லையில்லாத ‘வேண்டாம்’ பயமுறுத்தும். ஆறு வாரம் என்பது இருவரும் சேர்ந்து தாண்டக்கூடியது.

மாதவிடாய் நின்றிருந்தாலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு என்பதை இளம் பெண்கள் மறந்துவிடுகிறார்கள். டமொக்சிஃபென் கருவைப் பாதிக்கும். கருத்தடை மாத்திரையும் ஊசியும் ஹார்மோன் என்பதால் ஆகாது. ஆணுறை, அல்லது ஹார்மோன் இல்லாத காப்பர் வளையம்.

உடனே காட்ட வேண்டியவை

டமொக்சிஃபென் சாப்பிடும்போது, அல்லது மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு, உறவின்போதோ தானாகவோ ரத்தம் பட்டால் அதை ‘வறட்சி’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். டமொக்சிஃபென் கருப்பை உள்படலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். பரிசோதித்தே ஆக வேண்டும். தயிர்போல் வெள்ளைப்படுதலோடு அரிப்பு, மீன் நாற்றம், சிறுநீர் எரிச்சலோடு காய்ச்சல், இதழ்களில் வெள்ளைத் தழும்பு அல்லது ஆறாத புண் இருந்தால் மாய்ஸ்சரைசர் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

கிளினிக்கில் எப்படிக் கேட்பது

பினாங்கு மருத்துவமனையோ, தஞ்சோங் பூங்கா பக்கம் மவுண்ட் மிரியமோ, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையோ, எங்கே பார்த்தாலும் அடுத்த புற்றுநோய் சந்திப்பிலேயே பெண்நோய்ப் பிரிவுக்கும் பிசியோதெரபிக்கும் ரெஃபரல் கடிதம் கேளுங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாதபோது மகளையோ மகனையோ மொழிபெயர்க்க அழைத்துப் போவது நம் வழக்கம். இந்த விஷயத்துக்கு வேண்டாம். பிள்ளை முன்னால் நீங்கள் பாதியைத்தான் சொல்வீர்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸி (தாதி) யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் இந்த மலாய் வரிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள்: “டாக்டர், சாயா சாக்கிட் மாசா பெர்சாமா சுவாமி. ஃபாராஜ் சாயா கெரிங். மூலா செலெபாஸ் மாக்கான் உபாட் கான்செர்.” கணவரோடு சேரும்போது வலிக்கிறது, பெண்ணுறுப்பு வறண்டிருக்கிறது, புற்றுநோய் மருந்து சாப்பிட்ட பிறகு ஆரம்பித்தது என்பதே அதன் பொருள்.

அதே தாளில் எந்த மாத்திரை, எத்தனை மாதமாக, வலி வாசலிலா ஆழத்திலா, என்ன ஜெல் எத்தனை வாரம் போட்டீர்கள், ரத்தம் பட்டதா என்பதையும் எழுதுங்கள். உள்ளே பார்க்கும் கருவி போடுவதற்கு முன், சிறிய அளவு வேண்டும், ஜெல் தடவிப் போடுங்கள், நிறுத்து என்றால் நிறுத்துங்கள் என்று கேட்கலாம். பெண் தாதி உடன் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மட்டும் என்றால், கருவியே இல்லாமல் நீங்களே பஞ்சுக் குச்சியால் எடுத்துக் கொடுக்கும் எச்பிவி சோதனை மலேசியாவில் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.